எட்டுக் கிரகங்கள் கூடிய தை அமாவாசை

1962 பிப்ரவரி 3, சனிக்கிழமை. பிலவ வருஷத்துத் தை மாதம் 21-ஆம் தேதி. அன்று மாலை சந்திரன் மகர ராசிக்குள் நுழைந்தபோது சூரியன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கேது ஆகிய ஏழும் ஏற்கெனவே அங்கே இருந்தன. நவக்கிரகங்களில் ராகு மட்டும்தான் வெளியே, நேர் எதிரே கடகத்தில். அஷ்டக்கிரகச் சேர்க்கை என்று ஊரெல்லாம் பேசிய நாட்கள் அவை. பூமி பிளக்கும், கடல் பொங்கி ஊருக்குள் வரும், மூன்றாம் உலகப் போர் மூளும், உலகமே அழியும் என்ற பேச்சு பல மாதங்களுக்கு முன்பே நாடு முழுக்கப் பரவிவிட்டது.

மகாபாரதப் போருக்குப் பிறகு இப்படியொரு கூட்டு அமைந்ததே இல்லை என்றும் சொன்னார்கள். பயத்துக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. வட இந்திய நகரங்களில் பெரிய பந்தல்கள் போட்டு யாகங்கள் நடந்தன. நெய்யும் சமித்தும் இரவு பகலாக அக்கினியில் விழுந்தன. கோயில்களில் அகண்ட நாம ஜபம். கல்யாணப் பேச்சைத் தள்ளிவைத்தவர்கள் உண்டு. ரயில் பயணத்தை ரத்து செய்தவர்கள் உண்டு. மூன்று நாளும் வீட்டை விட்டு வெளியே வராதவர்களும் உண்டு. மூன்றாவது பொதுத் தேர்தலுக்கு இரண்டே வாரம் இருந்த நேரம் அது. பிரதமர் நேரு இது சிரிக்க வேண்டிய சங்கதி என்று ஒதுக்கித் தள்ளினார். பயந்தவர்கள் அதைக் கேட்டுப் பயத்தை விட்டுவிடவில்லை.

பக்கத்து நாடான பர்மாவில் நிலைமை வேறு. அங்கே பிரதமர் ஊ நூவே சோதிடத்திலும் பரிகாரங்களிலும் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர். நாட்டுக்கு வரவிருக்கும் ஆபத்துகள் விலக வேண்டும் என்று நாடெங்கும் ஆயிரக்கணக்கில் மணல் பகோடாக்கள் எழுப்ப அவருடைய அரசே ஏற்பாடு செய்தது.

பிப்ரவரி 5, திங்கட்கிழமை மாலையில் சந்திரன் மகரத்தைக் கடந்து கும்பத்துக்குப் போனது. எட்டுக் கிரகக் கூட்டு கலைந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலகங்கள் திறந்தன, ரயில்கள் ஓடின, தேர்தல் பிரசாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான் இந்தக் கதையில் முக்கியமான பொழுது. அழிவு வரும் என்று சொன்ன நாள் கழிந்த பிறகு மனிதர்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பதில்தான் அடுத்த பயம் எப்படிப் பிறக்கும் என்பது அடங்கியிருக்கிறது. 1962-இல் சொல்லிக்கொண்டது எளிமையானது: யாகம் காப்பாற்றியது.

முதலில் வானத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும். பயந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது சொல்லப்படவே இல்லை.

பஞ்சாங்கக் கணக்கு அப்பழுக்கில்லாமல் சரியாக இருந்தது. சூரியன், சந்திரன், கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்கள் ஆகிய ஏழும் பிப்ரவரி 5-ஆம் தேதி விடியலில் சுமார் 16 பாகைக்குள் நெருங்கியிருந்தன. இது அபூர்வம்தான். குரு ஒரு முறை சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன, சனிக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகள். இந்த இரண்டும் சந்திப்பதே இருபது ஆண்டுக்கு ஒரு முறைதான். 1961-இல் மகரத்தில் சந்தித்த இவை அடுத்த தையிலும் அதே ராசியில் இருந்தன. தை மாதம் என்றாலே சூரியன் மகரத்தில் இருக்கிறது என்று பொருள். புதனும் சுக்கிரனும் சூரியனை விட்டு வெகுதூரம் விலகாத கோள்கள். செவ்வாயும் வந்து சேர, மாதம் ஒரு முறை எல்லா ராசிகளையும் சுற்றும் சந்திரன் சுமார் இரண்டு நாள் அங்கே தங்கிப் போனது.

எட்டாவதான கேதுதான் இதில் சுவையான பகுதி. ராகுவும் கேதுவும் கோள்கள் அல்ல. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளுக்கு நம் முன்னோர்கள் வைத்த பெயர்கள் அவை. அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் அந்தப் புள்ளிகளில் ஒன்றின் அருகில் இருந்தால் சூரிய கிரகணம் நடக்கும். ஆக, அந்தத் தை அமாவாசையில் சூரியனும் சந்திரனும் கேதுவும் நெருங்கியிருந்ததன் நேரடிப் பொருள் கிரகணம். அது நடக்கவும் செய்தது. பிப்ரவரி 5-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் போர்னியோ, நியூகினித் தீவுகள் வழியாகப் பசிபிக் பெருங்கடலின் மேல் ஓடியது. அதிகபட்சமாக நான்கு நிமிடம் சூரியன் மறைந்தது. சூரிய வெளிச்சத்தில் கரைந்திருந்த கோள்கள், இருண்ட வானத்தில் சூரியனைச் சுற்றிக் கூட்டமாக இருந்த நேரம் அது. வாழ்நாளில் ஒரு முறை கூடக் கிடைக்காத அந்தக் காட்சி பயத்தின் பேச்சுக்குள் அமுங்கிப்போனது பெரிய இழப்பு.

இனி ஈர்ப்பு விசை. எட்டும் ஒரே பக்கம் இழுத்தால் பூமி தாங்குமா என்ற கேள்வி அன்று படித்தவர்களிடமும் இருந்தது. கடலில் ஏற்றவற்றத்தை உண்டாக்கும் இழுவையை எடுத்துக்கொள்ளலாம். அதில் சந்திரனின் பங்கு சூரியனுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். சுக்கிரன் பூமிக்கு மிக அருகில் வரும்போதுகூட அதன் பங்கு சந்திரனுடையதில் பத்தாயிரத்தில் ஒன்றைத் தொடாது. குருவின் பங்கு லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. அதுவும் அந்த நாட்களில் செவ்வாய், குரு, சனி மூன்றும் சூரியனுக்கு அப்பால், பூமியிலிருந்து ஏறக்குறைய மிக அதிகத் தொலைவில் இருந்தன. வெளிக் கோள் ஒன்று வானில் சூரியனோடு சேர்ந்து தெரிந்தால் அது சூரியனுக்குப் பின்னால்தான் இருக்க முடியும். குரு அப்போது சுமார் 90 கோடி கிலோமீட்டர் தூரத்தில். அருகில் கூடிவிட்டதாக நினைத்துப் பயந்த கோள்கள் மூன்று, உண்மையில் தூரத்தில் கிடந்தன.

ஒரே வானத்தைப் பார்த்து மேற்கத்திய சோதிடர்கள் வேறு பலன் சொன்னார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களின் ராசிக் கணக்கு நம்முடையதிலிருந்து சுமார் 23 பாகை விலகியது. அதனால் அவர்களுக்கு இந்தக் கூட்டம் கும்பத்தில் நிகழ்ந்தது. கும்ப யுகம் பிறக்கிறது, மனித குலத்துக்கு நல்ல காலம் என்றார்கள் சிலர். அமெரிக்காவின் புகழ்பெற்ற குறி சொல்பவரான ஜீன் டிக்சன், உலகை மாற்றப்போகும் ஒரு குழந்தை 1962 பிப்ரவரி 5 அன்று மத்தியக் கிழக்கில் பிறந்துவிட்டதாகச் சொன்னார். காசியில் ஓலம், கலிபோர்னியாவில் குதூகலம். கிரகங்கள் இரு இடத்திலும் ஒன்றே.

சோதிட மரபே கணிதத்தையும் பலனையும் தனித்தனிப் பாகங்களாக வைத்திருக்கிறது. 1962-இல் கணிதம் நிமிடக் கணக்கில் தேறியது. பலன் தேறவில்லை. ஆனால் கணிதத்தின் மேல் மக்களுக்கு இருந்த நியாயமான மதிப்பு, பலனுக்கும் சேர்த்துக் கடன் கொடுத்தது. கிரகணம் சொன்ன நேரத்தில் வருகிறதே, அழிவு ஏன் வராது என்று ஒரு விவசாயி யோசித்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கத்தில் அச்சாகியிருந்தன.

அந்த ஆண்டு அமைதியாகவும் கழியவில்லை. மார்ச் 2-ஆம் தேதி பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஊ நூ சிறைப்பட்டார். அக்டோபர் 20-ஆம் தேதி சீனப் படைகள் இந்திய எல்லையில் தாக்கின. அதே அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நின்றதால் அமெரிக்காவும் ரஷ்யாவும் அணு ஆயுதப் போரின் வாசல் வரை போய்த் திரும்பின. அக்டோபர் 27 அன்று கியூபாவுக்கு அருகே கடலுக்கடியில் இருந்த சோவியத் நீர்மூழ்கிக் கப்பலில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோவைச் செலுத்துவதா என்ற வாதம் நடந்தது. வாசிலி அர்கிபோவ் என்ற அதிகாரி மறுத்ததால் அது நின்றதாகப் பின்னாளில் தெரியவந்தது. அஷ்டக்கிரகத்தின் பலன் எட்டு மாதம் தாமதமாக வந்தது என்று பிறகு விளக்கம் சொன்னவர்கள் உண்டு. எப்போது நடந்தாலும் பலித்ததாக எடுத்துக்கொள்ளும் கணிப்பு, எந்த நாளுக்கும் எச்சரிக்கையாக உதவாது. அக்டோபரில் உலகம் நிஜமாகவே விளிம்பில் நின்றபோது அதற்கென்று ஊர் ஊராகப் பந்தல் போட்டதாகத் தெரியவில்லை.

இதை வேறொரு நாட்டில், வேறொரு நூற்றாண்டில் நடந்ததோடு வைத்துப் பார்த்தால் ஒரு முக்கியமான வித்தியாசம் தெரியும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லோ ஹாம்ப்டன் என்ற ஊரில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி இருந்தார். 1812-இல் தொடங்கிய பிரிட்டனுடனான போரில் அதிகாரியாக இருந்தவர். இளமையில் வேதாகமத்தைச் சந்தேகித்தவர், பிறகு அதையே ஆண்டுக்கணக்கில் வரி வரியாகப் படித்தார். தானியேல் ஆகமத்தின் எட்டாம் அதிகாரத்தில் வரும் 2,300 நாட்களை ஆண்டுகளாக எடுத்துக்கொண்டு, கிறிஸ்துவுக்கு முன் 457-லிருந்து எண்ணினார். கிறிஸ்துவின் மறுவருகை 1843-ஐ ஒட்டி என்று கணக்கு வந்தது. 1831-இல் பேசத் தொடங்கினார். பாஸ்டன் நகரப் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் அதைப் பத்திரிகைகளாலும் படங்களாலும் பெரும் கூடாரக் கூட்டங்களாலும் நாடெங்கும் கொண்டுபோனார். 1843 பிப்ரவரி இறுதியில் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று பகலிலேயே தெரிந்தது. நம்பியவர்களுக்கு அது அடையாளம். நம்பியவர்கள் ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

1844 மார்ச்சுடன் மில்லர் சொன்ன கெடு முடிந்தது. கணக்கில் பூஜ்ஜிய ஆண்டு இல்லை என்பதைக் கவனித்தார்கள். கிறிஸ்துவுக்கு முன் 1-ஐ அடுத்து நேராகக் கிறிஸ்துவுக்குப் பின் 1 வருகிறது. அதோடு யூதர்களின் பாவநிவாரண நாளையும் சேர்த்து, சாமுவேல் ஸ்னோ என்பவர் 1844 அக்டோபர் 22 என்று ஒரே ஒரு நாளைக் குறித்தார். நாள் குறித்ததும் இயக்கம் பற்றிக்கொண்டது. விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டார்கள் சிலர். கடைகளை மூடினார்கள், கடன்களை அடைத்தார்கள், பகைத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். வெள்ளை அங்கி தைத்துக்கொண்டு கூரை மேல் ஏறி நின்றார்கள் என்பது கேலிக்காகக் கட்டிய கதை.

அக்டோபர் 23-ஆம் தேதி விடிந்தபோது அவர்கள் அழுதார்கள். ஹைரம் எட்சன் என்ற விவசாயி, விடியும் வரை அழுததை எழுதிவைத்திருக்கிறார். வரலாற்றில் அந்த நாளுக்கு ‘மாபெரும் ஏமாற்றம்’ என்றே பெயர். சில ஊர்களில் அவர்களின் கூடங்களை ஊர்க்காரர்கள் தாக்கினார்கள். ஹைம்ஸ், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து வறுமையில் நின்ற குடும்பங்களுக்கு உணவும் உதவியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். அந்தச் செயலுக்காகவே அவரை நினைவில் வைக்கலாம். மில்லர் 1845-இல் தன் கணக்கு தவறிவிட்டது என்று அச்சில் ஒப்புக்கொண்டார். மறுவருகை நம்பிக்கையை மட்டும் 1849-இல் இறக்கும் வரை விடவில்லை. எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர், நாள் சரி, நிகழ்ச்சிதான் பரலோகத்தில் நடந்தது என்று புது விளக்கம் கண்டார்கள். அவர்களிலிருந்து 1863-இல் உருவான ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபைக்கு இன்று உலகெங்கும் இரண்டு கோடிக்கு மேல் உறுப்பினர்கள். அது நாள் குறிப்பதில்லை.

வித்தியாசம் இங்கேதான். மில்லரின் மக்களிடம் பரிகாரம் இல்லை. வருவது வந்தே தீரும் என்று நம்பினார்கள். வராதபோது அந்த அடியை முழுசாக வாங்கினார்கள். வாங்கியதால்தான் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டி வந்தது, ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 1962-இன் இந்தியாவில் கணிப்போடு பரிகாரமும் கூடவே வந்தது. அழிவு வந்தால் சோதிடம் பலித்தது. வராவிட்டால் யாகம் பலித்தது. யாருக்கும் ஏமாற்றம் இல்லை, யாரும் கணக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. நெய் ஊற்றியவர்களின் பக்தியை இங்கே யாரும் குறைத்துப் பேச வேண்டாம். பயத்தில் இருப்பவர்கள் நாலு பேர் கூடி வேண்டிக்கொள்வது மனித இயல்பு. குறை, பயத்தைக் கிளப்பியவர்களிடம் பிறகு யாரும் கேள்வி கேட்காமல் போனதில் இருக்கிறது.

அதற்காக, ‘எதுவும் நடக்கவில்லை, ஆகவே எச்சரிக்கை பொய்’ என்று சட்டென்று முடிவு கட்டுவதும் சரியல்ல. அதற்கு நல்ல உதாரணம் 1999 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு.

கணினியில் நினைவகம் விலை அதிகமாக இருந்த காலத்தில் ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கமாக மட்டும் பதிந்தார்கள். 1999-க்கு 99. 2000 பிறந்ததும் 00 வரும். கணினி அதை 1900 என்று எடுத்துக்கொண்டால் வங்கி வட்டி முதல் மருத்துவமனைப் பதிவு வரை தவறும். ஒய்2கே என்று அழைக்கப்பட்ட இந்தச் சிக்கலைச் சரிசெய்ய உலகம் முழுவதும் 30,000 கோடி டாலருக்கு மேல் செலவானதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. இந்திய மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்ததற்கும், எத்தனையோ தமிழ்நாட்டு இளைஞர்கள் பழைய கோபோல் மொழி நிரல்களைத் திருத்த அமெரிக்கா போனதற்கும் இது ஒரு காரணம். நள்ளிரவு கழிந்தது. விமானங்கள் விழவில்லை, மின்சாரம் நிற்கவில்லை. அதெல்லாம் வெறும் புரளி என்று மறுநாளே பலர் சொன்னார்கள்.

அப்படியானால் திருத்தப்பட்ட நிரலுக்கும் ஊற்றப்பட்ட நெய்க்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் முடிவு ஒன்றுதானே? சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. திருத்தம் விடுபட்ட இடத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையதளம் புத்தாண்டில் ஆண்டை 19100 என்று காட்டியது. அமெரிக்க உளவு செயற்கைக்கோள்களின் தரை நிலையம் ஒன்று சில நாள் தடுமாறியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு மருத்துவக் கணினி கர்ப்பிணிகளின் வயதைத் தவறாகக் கணக்கிட்டதால், 154 பெண்களுக்கு டவுன் நோய்க்குறி பற்றிய பரிசோதனை முடிவு தவறாகச் சொல்லப்பட்டது. சிக்கல் நிஜம் என்பதற்கு இவை சாட்சி. அதே சமயம் இத்தாலி போலக் குறைவாகச் செலவழித்த நாடுகளும் பெரிய சேதமில்லாமல் தப்பின; ஆகவே செலவு மிதமிஞ்சிப் போனதா என்ற விவாதம் இன்றும் நியாயமானதே. கேள்வியும் விடையும் எண்களோடு மேசை மேல் இருக்கின்றன. 1962-இல் யாகம் நடக்காத ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்த ஊர்களுக்கும் எதுவும் ஆகவில்லை. அதை மறுநாள் யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் போதும், சோதனை முடிந்திருக்கும்.

கிரகக் கூட்டுப் பயம் அதோடு ஓயவில்லை. அடுத்த முறை அது அறிவியல் உடையில் வந்தது. 1974-இல் ஜான் கிரிபின், ஸ்டீபன் பிளேகமன் என்ற இரு இயற்பியலாளர்கள், 1982-இல் கோள்கள் சூரியனின் ஒரே பக்கம் திரள்வதால் கலிபோர்னியாவில் பெரும் நிலநடுக்கம் தூண்டப்படலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். அது நன்றாக விற்றது. நிலநடுக்கம் வரவில்லை; பிறகு கிரிபினே அந்தக் கருத்தைக் கைவிட்டார். 2012 டிசம்பர் 21-இல் உலகம் அழியும் என்ற பயத்துக்கு மாயன் நாட்காட்டி காரணம். 18,72,000 நாள் கொண்ட ஒரு நெடுஞ்சுற்று அன்று முடிந்து அடுத்தது தொடங்கியது. அழிவு என்று மாயர்கள் எங்கும் பொறித்து வைக்கவில்லை. சினிமாவும் தொலைக்காட்சியும் மீதியைச் செய்தன.

இதில் கோபம் வரவேண்டிய இடம் ஒன்று உண்டு. நாசாவில் பொதுமக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவந்த வானியலாளர் டேவிட் மாரிசனுக்கு 2012 பற்றி ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை, செத்துவிடலாமா என்று கேட்ட பிள்ளைகளும் அதில் இருந்ததை அவர் வெளிப்படையாகச் சொன்னார். 2008 செப்டம்பரில் ஜெனீவா அருகே பெரிய துகள் மோதுவி இயங்கத் தொடங்கியபோது, கருந்துளை உருவாகி உலகை விழுங்கிவிடும் என்று நம் நாட்டுத் தொலைக்காட்சிகளில் சில நாள் முழுக்க ஓட்டினார்கள். மத்திய இந்திய மாநிலம் ஒன்றில் அதைப் பார்த்துப் பயந்த பதின்வயதுச் சிறுமி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டதாகப் பெற்றோர் தெரிவித்தார்கள். ஒன்றும் நடக்காமல் கழிந்த நாள் என்று அதைச் சொல்ல அந்த வீட்டாரால் முடியாது.

ஒரு கணிப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நம் கரைகளிலேயே முன்மாதிரி உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்தது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலில் போனது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே ஒடிசாவை நோக்கி வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறப்பு பத்துகளில் நின்றது. அந்த எச்சரிக்கை எந்த ஊர், எந்த நேரம், எவ்வளவு வேகம் என்று சொன்னது. சொன்னதற்கும் நடந்ததற்கும் எத்தனை கிலோமீட்டர் வித்தியாசம் என்பதை வானிலைத் துறை ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வெளியிடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பிழை குறைந்துவருவது அப்படிக் கணக்கு வைப்பதால்தான்.

கோள்களின் அடுத்த பெரிய கூட்டம் 2040 செப்டம்பர் 8, சனிக்கிழமை. புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி ஐந்தும் பத்து பாகைக்குள் நெருங்கும்; பக்கத்திலேயே பிறையும் இருக்கும். 1962-ஐப் போல அவை சூரியனின் வெளிச்சத்துக்குள் மறைந்திருக்காது. அஸ்தமனத்துக்குப் பிறகு மேற்கு வானில் தாழ்வாக, வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்குச் சில மாதங்கள் முன்பே பழைய பேச்சு புதிய வடிவில் கிளம்பும் என்பது ஏறக்குறைய நிச்சயம். இப்போது ஆரம்பப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் அன்று இளைஞர்களாக இருப்பார்கள். கோள்கள் எங்கே இருக்கும், எவ்வளவு தூரத்தில் இருக்கும், முன்பு கூடியபோது என்ன ஆனது என்று அவர்களுக்கு இப்போதே சொல்லிக்கொடுக்கலாம். மேற்கே மரமும் கட்டடமும் மறைக்காத ஒரு திடலையோ ஏரிக்கரையையோ பார்த்து வைத்துக்கொள்ளவும் நேரம் நிறைய இருக்கிறது.